நாடுகளின் பரப்பளவை ஒப்பிடும் 'தி ட்ரூ சைஸ்' இணையக் கருவி: ஒரு மதிப்பீடு

'தி ட்ரூ சைஸ்' என்பது நாடுகளின் பரப்பளவைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் இணையக் கருவி. ஜேம்ஸ் டால்மேஜ், டேமன் மனீஸ் ஆகியோர் இதை 2015-ல் உருவாக்கினர். நாட்டின் பெயரை உள்ளிட்டால் அதன் உருவம் உலக வரைபடத்தின்மேல் வண்ணத்தில் தோன்றும். அதை இழுத்து வேறொரு நாட்டின்மேல் வைக்கலாம். துருவத்தை நோக்கி நகர்த்தினால் உருவம் விரியும். நிலநடுக்கோட்டை நோக்கி நகர்த்தினால் சுருங்கும்.

விரிவதும் சுருங்குவதும் ஏன்?

தஞ்சாவூர்ப் பகுதியில் ஒரு மா நிலத்தின் புலப்படத்தை அளவுகோல் வைத்து அளந்து பரப்பைக் கணக்கிடலாம். அவ்வளவு சிறிய இடத்தில் பூமியின் வளைவு கணக்கில் வருவதில்லை. உலகம் முழுவதையும் ஒரே தாளில் விரிக்கும்போது அது இயலாது. கோளத்தின் மேற்பரப்பைத் தட்டையாக்கினால் கோணம், பரப்பு இரண்டில் ஒன்றையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். 1569-ல் மெர்கேட்டர் அமைத்த கோட்டுச்சட்டம் கோணத்தைக் காத்தது. மாலுமிகள் திசைகாட்டி வழியே கப்பல் செலுத்த அது உதவியது. அதற்குக் கொடுத்த விலை பரப்பு.

அந்த விலை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தஞ்சாவூர் ஏறக்குறைய 10.8 பாகை வட அட்சத்தில் உள்ளது. அங்கு பரப்பு நூற்றுக்கு நான்கு பங்குகூட மிகுவதில்லை. 60 பாகை அட்சத்திலோ நான்கு மடங்காகிவிடுகிறது.

ஒரு சோதனை

கோடியக்கரைக்கு எதிரே கடலுக்கு அப்பால் இருக்கும் இலங்கையின் பரப்பு 65,610 சதுர கி.மீ. நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை வைத்திருந்த டச்சுக்காரர்களின் தாயகமான நெதர்லாந்து, நீர்ப்பரப்பையும் சேர்த்துச் சுமார் 41,500 சதுர கி.மீ. அதாவது இலங்கை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் பெரியது. மெர்கேட்டர் படத்திலோ இது தலைகீழாகிறது. நெதர்லாந்து ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரிகிறது. கருவியில் நெதர்லாந்தை இழுத்து இலங்கையின்மேல் வைத்தால் அது தீவைவிடச் சிறிய பரப்பாகச் சுருங்கிவிடும். பாடநூல் ஒரு பக்கத்தில் விளக்குவதை மாணவர் நொடியில் கண்டுகொள்கிறார். கருவியின் பெரும் பயன் இதுவே.

குறைகள்

முதல் குறை, அடியில் கிடப்பது அதே மெர்கேட்டர் படம் என்பது. இழுத்து வைத்த உருவம் மட்டுமே திருத்தம் பெறுகிறது. படத்தின் மற்ற நாடுகள் பழைய மிகையோடுதான் நிற்கின்றன. ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே அட்சத்தில் வைத்த இரண்டை ஒப்பிடுவதே சரி. ஒரு நாட்டை வடக்கிலும் மற்றொன்றைத் தெற்கிலும் வைத்து ஒப்பிட்டால் பழைய பிழையே திரும்ப வரும். பெயரில் 'உண்மை' என்று இருப்பதால் இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இரண்டாவது, எல்லைக்கோடு அதற்குள் இருக்கும் நிலத்தின் தன்மையைச் சொல்வதில்லை. எகிப்து ஏறத்தாழ 10 லட்சம் சதுர கி.மீ. கொண்ட நாடு, தமிழ்நாட்டைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். ஆனால் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பாலைவனம். நைல் நதிக்கரையும் கழிமுகமுமே அந்நாட்டின் வயல். காவிரி நீர் பாயும் நிலத்துக்கும் பாயாத மேட்டுநிலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த தஞ்சை மாணவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பரப்பு ஒரு செய்தி, வளம் வேறொரு செய்தி. இரண்டையும் கலக்கக் கூடாது.

வகுப்பறையில்

வரைபடத்தில் பெரிதாகத் தெரியும் நாட்டைப் பெரிய நாடு என்றும், பெரிய நாட்டை முக்கியமான நாடு என்றும் பிள்ளைகள் கேள்வியின்றி எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தின் முதல் கண்ணியை இக்கருவி அறுக்கிறது. அதற்கு அதைப் பயன்படுத்தும் வரிசை முக்கியம். முதலில் உலக உருண்டையைக் காட்ட வேண்டும். அடுத்து எது பெரியது என்று மாணவரே ஊகித்து எழுத வேண்டும். அதன்பின் கருவியில் இழுத்துப் பார்க்கலாம். முடிவில் சதுர கிலோமீட்டர் எண்களைக் கொண்டு விகிதத்தைக் கணக்கிட வேண்டும். கணக்கு இல்லாமல் விட்டால் கருவி ஒரு வேடிக்கையாகவே நின்றுவிடும்.