கணினி விளையாட்டிசையில் அரசர் வாழ்வு: பாடாணும் காஞ்சியும்

முன்னுரை

அரசனின் வாழ்வை இசையொடு சேர்த்துப் போற்றுதல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. பாணரும் பொருநரும் விறலியரும் யாழொடும் முழவொடும் வேந்தர் அவைகளை நாடிச் சென்றதைச் சங்கப் பாடல்களும் ஆற்றுப்படை நூல்களும் காட்டுகின்றன. அம்மரபைக் கற்பிக்கும் நாம், இன்றைய மாணவர் அரசர் பெயர்களை எவ்வழியாக அறிகின்றனர் என்பதையும் நோக்க வேண்டியவராக உள்ளோம். பெரிக்ளிஸ், சின் ஷி ஹுவாங் முதலியோரை வகுப்பறையில் அறியுமுன்பே கணினித் திரையில் காண்போர் உளர். அங்கு ஒலிக்கும் இசையை அவர்கள் பல மணி நேரம் கேட்கின்றனர். அவ்விசை அரசர் வாழ்வை எந்த அளவிற்குப் புலப்படுத்துகிறது என்பதை, 2016-இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' ஆறாம் விளையாட்டை முதன்மையாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசையின் அமைப்பு

இவ்வரிசையின் ஐந்தாம் விளையாட்டில் (2010) ஒவ்வோர் ஆட்சியாளருக்கும் அமைதிக்கால இசை, போர்க்கால இசை என இரண்டு அமைக்கப்பட்டன. இப்பகுப்பு பொதுவானது, ஆளை நோக்கியதன்று. காந்தியடிகளுக்கும் ஒரு போரிசை அமைந்தது இதற்குச் சான்றாகும். படைநடத்தாத ஒருவரின் வாழ்வில் போரிசைக்கு இடமில்லை. எனினும் அமைப்பு அதனை வேண்டியது. வாழ்வு அமைப்பிற்கு வளைந்து கொடுத்தது.

ஆறாம் விளையாட்டில் ஜெஃப் நோர் முதலிய இசையமைப்பாளர்கள் வேறு முறையைக் கையாண்டனர். ஒவ்வொரு நாட்டிற்கும் பழம்பாடல் அல்லது நாட்டார் பாடல் ஒன்றன் மெட்டு அடிப்படையாகிறது. அம்மெட்டே தொல்காலம், இடைக்காலம், தொழிற்காலம், அணுக்காலம் என்னும் நான்கு நிலைகளில் வளர்கிறது. தொடக்கத்தில் சில கருவிகளால் எளிமையாக ஒலிப்பது, பின்னர்ப் பெரும் இசைக்குழுவின் முழக்கமாக விரிகிறது.

இங்கு மெய்க்கீர்த்தியோடு ஒப்பிட்டு நோக்கலாம். முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் நிலைபெற்ற மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு ஏற ஏறப் புதிய வெற்றிகளைச் சேர்த்து நீண்டது. அதன் வளர்ச்சிக்கு அரசனின் செயலே காரணம். விளையாட்டிசையின் வளர்ச்சிக்கோ ஆடுபவர் அடுத்த காலநிலையை எட்டுவதே காரணம். வென்றாலும் தோற்றாலும் அதே மெட்டு அதே வழியில் பெருகுகிறது.

காலப் பொருத்தம்

மெட்டுகளின் காலத்தை ஆட்சியாளர் காலத்தோடு வைத்து நோக்கின் பெரும் இடைவெளி தெரிகிறது. கி.மு. 221-இல் சீனத்தை ஒருங்கிணைத்த சின் ஷி ஹுவாங்கிற்கு 'மோ லி ஹுவா' என்னும் மல்லிகைப் பாடலின் மெட்டு ஒலிக்கிறது. அப்பாடலுக்கான சான்றுகள் சிங் மரபினர் காலத்தன. உருசியாவின் முதலாம் பீட்டர் 1725-இல் மறைந்தார். அவருக்கு ஒலிக்கும் 'கலிங்கா' 1860-இல் இவான் லாரியோனவ் இயற்றியது. பெரிக்ளிஸ் கி.மு. 429-இல் மறைந்தார், அவருக்குரிய மெட்டு கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் செய்கிலோஸ் கல்லறைக் கல்வெட்டிலிருந்து பெறப்பட்டது.

சின் அரசவையின் இசை குறியீட்டுடன் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இசையமைப்பாளரைக் குறைகூறல் முறையாகாது. ஆயினும் கேட்போர் மனத்தில் பதிவது யாது என்பதே வினா. கி.மு. 4000-இல் தொடங்கும் ஆட்டத்தில் ஒரே மெட்டு இறுதிவரை தொடரும்போது, அந்நாடும் மாறாத ஒன்றாகவே தொன்றுதொட்டு இருந்துவருகிறது என்னும் எண்ணம் உருவாகிறது. ஆட்சியாளரை மாற்றினும் மெட்டு மாறுவதில்லை. அக்கித்தானியாவின் எலியனோரை (2019-இல் சேர்க்கப்பட்டவர்) இங்கிலாந்திற்கும் பிரான்சிற்கும் தலைவியாக்கலாம். குப்ளாய்கானை (2021) மங்கோலியாவிற்கும் சீனத்திற்கும் தலைவனாக்கலாம். இசை நாட்டைப் பின்பற்றுகிறது, ஆளைப் பின்பற்றுவதில்லை. இரு நாடுகளுக்கு அரசியான ஒரு பெண்ணின் வாழ்வுச் சிக்கல் இசையில் இடம்பெறாமற் போவதற்கு இதுவே காரணம்.

பாடாண் கருதிய இடத்தில் காஞ்சி

எனினும் இவ்விசையின் சிறப்பும் இவ்விடத்தில்தான் உள்ளது. ஆட்சியாளரின் வெற்றி முழங்கும் இடத்தில் பாடாண் திணைக்குரிய புகழிசையையே கேட்போர் எதிர்பார்ப்பர். செய்கிலோஸ் பாடலோ இறந்தோர் நினைவுக் கல்லில் பொறிக்கப்பட்டது. வாழ்நாள் சிறிது என்பதை உணர்த்துவது. தொல்காப்பியர் காஞ்சித்திணைக்கு உரித்தாக்கிய நிலையாமையே அதன் பொருள். ஏதென்சைப் பேரரசாக உயர்த்திக் கொள்ளைநோயில் மாண்ட பெரிக்ளிஸின் வாழ்விற்கு, காலத்தால் பொருந்தாத அப்பாடல் பொருளால் மிகப் பொருந்துகிறது.

அமெரிக்காவிற்குரிய மெட்டு ஸ்டீபன் ஃபாஸ்டர் 1854-இல் இயற்றிய 'ஹார்ட் டைம்ஸ் கம் அகெய்ன் நோ மோர்'. வசதியுடையோர் சற்றே நின்று வறியோர் துயரை நினைக்குமாறு வேண்டுவது அது. செல்வக் குடியிற் பிறந்த தியோடர் ரூசுவெல்ட் திரையில் தோன்றும் ஆட்டத்தில் ஏழைகளின் ஏக்கம் பின்னணியாகிறது. அரசவை இசை கிடைக்காத இடத்தில் மக்கள் பாடல் வந்து அமர்ந்துள்ளது. புரவலனை நோக்கி வறுமையை எடுத்துரைத்த பாணர் குரலுக்கு இஃது அயலானதன்று.

ஆனால் இச்சிறப்பு முழுமை பெறவில்லை. எந்நாட்டு மெட்டாயினும் அதன் முதிர்ச்சி மேலைப் பேரிசைக்குழுவின் நிறைவாகவே பெரும்பாலும் காட்டப்படுகிறது. தொல்காலத்தில் தம் கருவிகளோடு வேறுபட்டு ஒலித்த நாடுகள், தொழிற்காலத்தில் ஒரே குரல் பெறுகின்றன. எளிய மெட்டின் துயரமும் அப்பெருமுழக்கத்தில் வீறாக மாறிவிடுகிறது. காஞ்சி மீண்டும் பாடாணாகிறது. ஒரு நாட்டின் வரலாற்று வளர்ச்சியை இசைக்குழுவின் பருமனால் அளத்தல் ஏற்புடையதன்று.

முடிவுரை

இவ்விசை அரசர் தனிவாழ்வை நேரே உரைப்பதில்லை. அவர்தம் நாட்டினர் பிற்காலத்தில் எப்பாடலைத் தமதெனக் கருதினர் என்பதையே உரைக்கிறது. அவ்வுண்மையை உணர்ந்து கேட்பின் இது பயனுள்ள இசை. உணராது கேட்பின் பிற்காலத்தை முற்காலமாக மயங்கச் செய்யும் இசை.

இவ்வினா நம் வாயிலுக்கும் வந்துவிட்டது. 2022-இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் விளையாட்டில் இராசேந்திர சோழனின் போர்வரலாறு சேர்க்கப்பட்டது. 2025-இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' ஏழாம் விளையாட்டில் சோழர் ஒரு நாகரிகமாக இடம்பெற்றுள்ளனர். நம் அரசர்க்கு ஒலிப்பது எம்மெட்டு, அஃது எக்காலத்தது, எத்திணைக்குரியது என்று வினவும் கடமை தமிழாய்வாளர்க்கு உண்டு. பண்ணாராய்ச்சியும் புறத்திணைக் கல்வியும் இணையின் அவ்வினாவிற்கு விடை காணும் கருவி நம்மிடமே உள்ளது.