அம்மாவின் நுரையீரலும் நான்கு வருடப் படிப்பும்

2014இல் வெளிவந்த ‘வேலையில்லா பட்டதாரி’ படத்தின் வசனங்கள் என் மாணவிகளுக்கு இன்றும் மனப்பாடம். பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்குத் ‘தமிழர் மரபு’ நடத்தும் எனக்கும், கட்டடப் பொறியியல் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ரகுவரன் அந்நியன் இல்லை. அப்பாவின் ஏச்சையும், சம்பாதிக்கும் தம்பி முன்னால் அண்ணன் கூனிப்போவதையும், படித்த துறையில்தான் வேலை வேண்டும் என்ற பிடிவாதத்தையும் படம் நேர்மையாகவே காட்டியது. செலவழித்த பணம் திரும்பி வருமா என்று வீடுகள் தமக்குள் முணுமுணுத்த கேள்வியை அது திரையில் உரக்கக் கேட்டது. அதற்கு அது சொன்ன பதிலைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

ரகுவரனுக்கு வேலை எப்படிக் கிடைக்கிறது? அம்மா மாரடைப்பில் இறக்கிறார். அவருடைய நுரையீரல் அனிதா என்ற பெண்ணுக்குப் பொருத்தப்படுகிறது. அனிதாவின் அப்பா கட்டுமான நிறுவனம் நடத்துபவர். அங்கே மகனுக்கு வேலை. பட்டம் வாங்கித் தராததைத் தாயின் உடல் வாங்கித் தருகிறது. படம் இதைத் தியாகம் என்கிறது, நாமும் அழுதோம். தியாகம் என்று பெயர் வைத்துவிட்டால் அதை யாரும் செலவில் எழுதமாட்டார்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இந்தக் கதையில் வேலையில்லாப் பட்டதாரிப் பெண் ஏன் இல்லை? ஷாலினி பல் மருத்துவர், சம்பாதிப்பவள். அனிதா முதலாளியின் மகள். படித்துவிட்டு வேலையின்றி வீட்டில் இருக்கும் பெண் நம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் அவளை யாரும் வேலையில்லாதவள் என்று சொல்வதில்லை. ‘வரன் பார்க்கிறோம்’ என்று சொல்கிறார்கள்.

போன வருடம் இறுதியாண்டு மாணவி ஒருத்தி நோட்டோடு வந்தாள். வேலை கிடைத்திருந்தது, ஆண்டுக்கு மூன்றரை லட்சம். மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேருபவர்களுக்கு இந்தத் தொகை பத்தாண்டுகளுக்கு மேலாகப் பெரிதாக நகரவில்லை. கைக்கு வருவது 25,000. சென்னை விடுதிக்கு 9,000, கல்விக்கடன் தவணை 6,000, வீட்டுக்கு 6,000. மீதி 4,000. “நாலு வருஷம் படிச்சதுக்கு இதுதானா மேடம்?” என்றாள்.

செலவுப் பக்கத்தைப் பார்த்தேன். 2017இல் கட்டண நிர்ணயக் குழு, கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்றும், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 என்றும் வரையறுத்தது. நான்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் முதல் இரண்டு லட்சத்து இருபதாயிரம் வரை ஆகும். விடுதியும் சாப்பாடும் தனி. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறதே என்று கேட்டேன். அது குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் வாங்கிவிட்டான். முதலில் பிறந்தவனும் முதலில் படிக்க அனுப்பப்பட்டவனும் அவன்தான். தங்கைக்கு முழுக் கட்டணம்.

கடனுக்குக் கேட்டது வரவில்லை, துண்டு விழுந்தது. அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது, இன்னும் மீட்கவில்லை. அவள் நோட்டில் அந்த வரி இல்லை. ஏன் எழுதவில்லை என்றேன்.

“அது கடன் இல்லை மேடம். அம்மா குடுத்தது.”

அந்தச் சங்கிலி அவள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது. படிப்பு அதைத் தின்றுவிட்டதால் கல்யாணச் செலவு குறைந்ததா? இல்லை. பொறியியல் படித்தவளுக்கு அவளைவிடக் கூடப் படித்த, கூடச் சம்பாதிக்கும் மாப்பிள்ளை வேண்டுமாம். அந்த மாப்பிள்ளைக்குக் கேட்கும் நகையும் கூடுதல். அதே பட்டம் அண்ணனுக்கு வரவு, தங்கைக்குச் செலவு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. கேட்பவர்கள் ‘உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வது’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெற்றவர்கள் இரண்டு முறை கட்டுகிறார்கள், ஒருமுறை கல்லூரிக்கு, இன்னொரு முறை சம்பந்தி வீட்டுக்கு. இந்த இரண்டாவது கட்டணத்தைக் கல்லூரி வழிகாட்டிப் புத்தகங்கள் எதுவும் அச்சிடுவதில்லை.

வரவுப் பக்கத்திலும் அவள் எழுதாத ஒன்று இருந்தது. மூன்றாம் ஆண்டிலேயே பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். “கடன் முடியட்டும்” என்று சொல்லித் தள்ளிப்போட்டிருக்கிறாள். வங்கிக் கடனைச் சாக்காக வைத்து அவள் வாங்கிக்கொண்டவை சில ஆண்டுகள், தன் பெயரில் ஒரு சம்பளக் கணக்கு, சென்னையில் ஒரு கட்டில். மாதம் 4,000 மீதி என்ற கணக்குக்குள் இவை அடங்காது. அதற்காக அந்த 4,000 போதும் என்று நான் சொல்லவில்லை. விடுதலை கிடைத்ததே, சம்பளத்தை ஏன் கேட்கிறாய் என்பதும் பெண்களிடம் மட்டும் சொல்லப்படுகிற பேச்சு.

ஆகவே படிக்கலாமா வேண்டாமா என்று கேட்கும் மாணவிகளிடம் ஒன்று மட்டும் சொல்கிறேன். கணக்குப் போடுங்கள், ஆனால் முழுசாகப் போடுங்கள். அம்மாவின் நகைக்கு ஒரு வரி எழுதுங்கள், அதன் வட்டியோடு. அண்ணனுக்குப் போன சலுகைக்கு ஒரு வரி. கல்யாணம் என்ற பெயரில் கேட்கப்படும் தொகைக்கு ஒரு வரி. அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டால் மற்ற எல்லாம் எவ்வளவு எளிதாகத் தீர்கிறது என்று பாருங்கள்.

அன்று அவள் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு 6,000 என்றிருந்ததை அடித்தாள். ‘சங்கிலி’ என்று எழுதினாள். திரைப்படத்தில் அம்மாவுக்கு யாரும் எதையும் திருப்பித் தரவில்லை. அதற்குள் அவர் இறந்துவிட்டார்.