ஒரு மாதிரியுருவும் பல கைகளும்

கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் ஒப்பந்தகாரரும் தனித்தனி வரைபடங்களைக் கைவிட்டு, கணினியில் அமைந்த கட்டடத் தகவல் மாதிரியுரு ஒன்றினைப் பொதுவிற் கையாளுவரேல் கட்டமைப்பு வடிவமைப்பிலே தவறுகள் ஒழிந்துவிடும் என்பது இன்று பரவலாக வழங்கும் கூற்றாகும். இக்கூற்று முற்றாகப் பொய்யன்று. ஆயின் ஆராயப்படாமலே ஏற்கப்பட்டு வருகின்றது.

இதன் கருவை 1975இலேயே அமெரிக்கரான சார்ள்ஸ் ஈஸ்ட்மன் முன்வைத்தார். தரைப்படமும் வெட்டுமுகமும் ஒரே விவரணத்திலிருந்து பெறப்படுமாயின், ஒரு தாளில் மாறிய சுவர் மறுதாளில் மாறாது நிற்கும் முரணுக்கு இடமில்லை. காற்றுக்குழாயொன்று உருக்கு வளையை ஊடறுப்பதைக் கட்டுமிடத்திலன்றித் திரையிலேயே கண்டுகொள்ளுதல் சிறிய பயனன்று. பிரித்தானிய அரசு 2016இல் தன் மத்திய அரசுத் திட்டங்களுக்கு இம்முறையை விதியாக்கியதில் வியப்பில்லை.

ஆனால் மாதிரியுரு முதலிற் காட்டுவது பொருள்கள் இருக்கும் இடத்தை. பொறியியலாளர் தேடுவதோ சுமை செல்லும் வழியை. தூணைக் கோடாகவும் மூட்டைப் புள்ளியாகவும் சுருக்கி, அம்மூட்டு விறைப்பானதா சுழலவல்லதா எனத் துணிய வேண்டியவர் அவரே. மென்பொருள் தானே சுருக்கிக் கொடுப்பதுமுண்டு. அப்போது துணிபு ஒழிவதில்லை. கண்ணுக்கு மறைகின்றது, அவ்வளவே.

1981 ஜூலை 17இல் கன்சாஸ் நகரின் ஹயட் ரீஜன்சி ஹோட்டலில் இரு நடைபாலங்கள் வீழ்ந்து 114 பேர் மாண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. கூரையிலிருந்து இறங்கும் ஒரே கோலில் நான்காம் மாடிப் பாலமும் அதன் நேர்கீழே இரண்டாம் மாடிப் பாலமும் தொங்குமென முதலில் வரையப்பட்டது. நீண்ட கோலின் நடுவே நட்டுப் பொருத்தும் சிரமத்தைத் தவிர்க்க, அது இரு கோல்களாக மாற்றப்பட்டது. கீழ்ப்பாலம் மேற்பாலத்திலேயே தொங்கியது. மேற்பால மூட்டின் நட்டு இரு மடங்கு சுமையைத் தாங்க நேர்ந்தது. மாற்றத்தைக் காட்டிய தொழிற்கூட வரைபடத்திற் பொறியியலாளரின் முத்திரை இருந்தது. முதல் வடிவமுங்கூட நகர விதி வேண்டிய வலிமையில் 60 சதவீதமே உடையதெனப் பின்னர் கண்டறியப்பட்டது.

இம்மாற்றத்தைப் பொது மாதிரியுருவில் இட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? இரு கோல்களும் எதனுடனும் மோதவில்லை. மோதல்களைச் சோதிக்கும் மென்பொருள் குறை காணாது கடந்திருக்கும். திருத்தியவர் யார், திருத்திய நாள் எது என்பன பதிவாகியிருக்கலாம். பாடபேதங்களை ஒப்புநோக்கிப் பழகிய தமிழ் மாணவர் அறிவர்: பேதத்தைக் குறித்து வைப்பது வேறு, அதனாற் பொருள் திரிந்ததை உணர்வது வேறு.

முத்திரையிட்ட பொறியியலாளர் தம் பொறுப்பைப் பிறர்மீது சுமத்த இயலாதென மிசூரி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1988இல் இவ்வழக்கிலே தீர்த்தது. அன்று முத்திரை விழுந்தது மாறாத தாளொன்றின் மீது. நாடோறும் பலர் திருத்தும் மாதிரியுருவிலே அது எந்த நாளைய வடிவின்மீது விழுகின்றது என்பதை, கூட்டுப் பயன்பாட்டைப் புகழ்வோர் முதலில் விளக்கவேண்டும்.