நிறம் கேட்கிறார்கள், கால் கேட்பதில்லை

வாடிக்கையாளரே தன் காலணியை இணையத்தில் வடிவமைத்துக்கொள்ளலாம் என்று நைக்கி நிறுவனம் 1999-இல் அறிவித்தது. மதுரைக்காரருக்கு அதில் பாதிதான் புதிது. நடைபாதைத் தொழிலாளியின் முன்னால் அட்டையில் காலை வைத்து, சுற்றிப் பென்சில் கோடு போடச் சொல்லி, வார் அகலமாக வேண்டும், கட்டைவிரலுக்கு வளையம் வேண்டாம் என்று பேரம் பேசித் தைத்துக்கொள்வது இங்கே பழைய வழக்கம்.

இரண்டும் ஒன்றல்ல. நிறுவனம் கேட்பது நிறத்தையும் பெயரெழுத்தையும். காலணிக்கு வடிவம் தரும் அச்சு பெரும்பாலும் மாறுவதில்லை. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்து, நம் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலம் என்று கண்டது. அந்நிய அச்சில் வார்த்த காலணிக்குப் பிடித்த வண்ணம் பூசினால் சுண்டுவிரல் நசுங்குவது நிற்குமா?

நடைபாதையின் பென்சில் கோடு அந்த அகலத்தைப் பிடித்துவிடுகிறது. அறுந்தால் அந்தத் தொழிலாளியிடமே தைக்கலாம். ஆனால் கோடு தரையோடு நின்றுவிடும். புறங்கால் உயரத்தை அது அறியாது. உட்கார்ந்தபடி அளந்தால் நிற்கும்போது பாதம் விரிவதும் கணக்கில் வராது. மாலையில் கால் வீங்குபவருக்குக் காலையில் எடுத்த அளவு இறுக்கம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொழிலாளி குனிந்து அளக்கிறார், வாடிக்கையாளர் யோசனை சொல்கிறார். இதைக் கூட்டுப் படைப்பு என்பது பெரிய வார்த்தை. இந்தத் தொழிலைச் சாதி சிலர் தலையில் கட்டியது. மதுரைச் சுற்றுவட்டாரச் சிற்றூர்கள் சிலவற்றில் ஆதிக்கச் சாதித் தெருவில் தலித் மக்கள் செருப்பணிந்து நடக்கத் தடை இருந்ததும் பதிவாகியிருக்கிறது. வடிவமைப்பில் தைப்பவரின் சொல்லுக்கு எவ்வளவு இடம் என்று யாரும் கேட்பதில்லை. கூலியில் மட்டும் பத்து ரூபாய் குறைப்பார்கள்.

நடைபாதையில் அளவெடுக்கும் முறை முற்றிலும் தடுமாறுவது கால் மரத்த சர்க்கரை நோயாளியிடம். அவருக்குத்தான் அளவெடுத்த எம்சிஆர் (நுண்துளை ரப்பர்) செருப்பு மிகவும் தேவை. ஆனால் நரம்பு மரத்த கால் இறுக்கத்தைச் சொல்லாது. "சரியா இருக்கு" என்று அவர் சொன்னால் அது சான்றாகாது. போட்டு நடந்தபின் கழற்றி, பாதத்தில் சிவந்த தடம் இருக்கிறதா என்று வேறொருவர்தான் பார்க்க வேண்டும்.