ஓரிரு இடங்களில்

தை மாதம் கீரனூர்ப் பக்கம் களத்தில் நெல் காய்கிறபோது வானிலை அறிக்கையைச் சொல் சொல்லாகப் படிப்பேன். அந்தத் தமிழ் எனக்குப் பிடிக்கும். 'ஓரிரு இடங்களில்' என்றால் வட்டாரத்து மழைமானிகளில் கால்வாசிக்குள்தான் நனையும். 'ஒருசில' என்றால் பாதி வரை. 'அநேக' என்றால் முக்கால் வரை. அந்த ஓரிரு இடம் நம் களமா, பக்கத்து ஊரா என்பதை மட்டும் அது சொல்லாது. 'கனமழை'க்கும் கணக்கு உண்டு: காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை 7 முதல் 11 சென்டிமீட்டர்.

காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாடப் போகிற அண்ணன் மகன் கைபேசியை நீட்டினான். "சித்தப்பா, மழைன்னு போட்டிருக்கே?"

"எந்த உயரத்துக்குடா?"

குல்மார்க் ஊர் 2,600 மீட்டருக்குச் சற்று மேலே. கேபிள் கார் ஏறும் அபர்வத் சரிவு 3,900க்கும் மேலே. கீழே தூறினால் மேலே பனி கொட்டலாம். ஒரு சென்டிமீட்டர் மழைக்கான ஈரம் உத்தேசமாகப் பத்து சென்டிமீட்டர் பனியாகும். குளிர் கூடினால் இன்னும் பொலபொலவென்று உயரும். மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சி கடந்த பிறகுதான் வானம் வெளுக்கும்.

அவன் பயணத்தை இரண்டு நாள் தள்ளினான். நான் தார்ப்பாயைக் களத்தோரம் கொண்டுபோய் வைத்தேன்.