பகுத்தறிவின் எல்லையை வகுப்பது யார்?

ஐரோப்பியச் சிந்தனை வரலாற்றை, மதநம்பிக்கையின் பிடியிலிருந்து பகுத்தறிவு படிப்படியாக விடுபட்டு வெற்றிகண்ட கதையாகச் சொல்வது வழக்கம். ஆனால், இடைக்காலக் கிறித்தவ அறிஞர்கள் பகுத்தறிவைத் தம் கல்விமுறையின் நடுவிலேயே வைத்திருந்தனர். பிற்காலத்தில் அதைக் கடுமையாக விமர்சித்தவர்களிற் பலரும் அதன் முறைகளைக் கற்றுத் தேர்ந்தவர்களே. ஆகவே, அறியவல்லது எது, அறியவொண்ணாதது எது என்று பகுக்கும் எல்லையை வகுக்கும் உரிமை யாருக்குரியது என்ற கேள்வியே இவ்வரலாற்றின் ஊடுசரடாக அமைகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் நூல்கள் இப்னு ருஷ்தின் அரபு உரைகளோடு பாரிஸ் பல்கலைக்கழகத்தை அடைந்தபோது, இக்கேள்வி தீவிரமடைந்தது. கடவுள் உண்டு என்பதைப் பகுத்தறிவாலேயே நிறுவலாம் என்றும், மூவொரு கடவுள் என்னும் கோட்பாட்டை இறைவெளிப்பாட்டின் வழியே மட்டும் அறியமுடியும் என்றும் தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) பிரித்துக் காட்டினார். அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1277இல், பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைக் கற்பிக்கத் தடைவிதித்தார். எல்லைக்கோட்டை வரையும் அதிகாரம் திருச்சபையிடமே இருந்தது.

அவ்வதிகாரத்தைத் தனிமனிதச் சிந்தனையிடம் மாற்றியவர் தெக்கார்த். ஐயத்துக்கு இடமளிக்கும் அனைத்தையும் தள்ளிவைத்து, ஐயுறும் சிந்தனையின் இருப்பையே ஐயமற்ற அடித்தளமாகக் கொள்ளும் முறையை அவர் 1637இலும் 1641இலும் வெளியிட்ட நூல்கள் முன்வைத்தன. புலனனுபவத்தைச் சாராமலே அடிப்படை உண்மைகளை அறிவால் எட்டலாம் என்னும் இப்போக்கு அறிவுமுதல்வாதம் எனப்படுகிறது. ஸ்பினோசா 1670இல் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்ட நூலில், விவிலியத்தையும் காலச்சூழலில் வைத்து ஆராய வேண்டிய நூலாகவே அணுகினார். அறிவுமுதல்வாதத்துக்கு மாறாக, மனிதமனம் பிறவியிலேயே கருத்துகளைக் கொண்டிருப்பதில்லை, அனுபவமே அவற்றின் ஊற்று என்ற லாக்கின் நிலைப்பாடு அனுபவமுதல்வாதத்துக்கு வலுச்சேர்த்தது.

இவ்வாதத்தை அதன் இறுதிவரை கொண்டுசென்ற டேவிட் ஹியூம், 1739–40இல் வெளியான நூலில், பகுத்தறிவின் இரு அடிப்படை உரிமைகளை அசைத்தார். ஒரு நிகழ்ச்சியை மற்றொன்று தொடர்வதைக் காண்கிறோமேயன்றி, அவற்றைப் பிணைக்கும் கட்டாயத்தைக் காண்பதில்லை. காரணகாரியத் தொடர்பில் நாம் கொள்ளும் உறுதி, தருக்கத்திலன்றிப் பழக்கத்திலிருந்தே பிறக்கிறது. அதுபோலவே, பகுத்தறிவு மட்டும் தனித்துநின்று எவரையும் செயலுக்குத் தூண்டுவதில்லை, தூண்டுவது விருப்புவெறுப்பே.

ஹியூமால் விழிப்புற்றதாகக் கூறிய இம்மானுவேல் காண்ட், 1781இல் வெளியிட்ட பெருநூலில் பகுத்தறிவை அதன் சொந்த முன்னிலையிலேயே விசாரணைக்கு நிறுத்தினார். வெளியும் காலமும் புலன்காட்சியின் வடிவங்கள், காரணகாரியம் அனுபவத்தை ஒழுங்குபடுத்தும் அறிவின் விதி என்று கொண்ட அவர், அனுபவ உலகைப் பற்றிய அறிவியலின் உறுதியை அதனால் காப்பாற்றினார். அதற்கு விலையாக, கடவுள், ஆன்மா, விடுதலை ஆகியவற்றை நிரூபிக்கும் உரிமையைக் கோட்பாட்டறிவிடமிருந்து விலக்கி, அவற்றின்மீதான நம்பிக்கையை அறவாழ்வுக்குரிய நடைமுறைப் பகுத்தறிவிடம் ஒப்படைத்தார். எல்லை வகுப்பவரும் எல்லைக்குட்படுபவரும் ஒன்றான நிலை இது.

அரசியலில் இத்தகைய தன்னடக்கம் எப்போதும் வாய்க்கவில்லை. 1793 நவம்பரில், பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தில் பகுத்தறிவுக்கே விழா எடுத்தனர். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, தலைமுறைகளின் மரபைப் புறக்கணித்து அருவக் கோட்பாட்டால் அரசமைக்க முடியாதென எட்மண்ட் பர்க் எச்சரித்திருந்தார். ஹெகலோ, பகுத்தறிவு வரலாற்றின் ஊடாகவே தன்னை உணர்ந்துகொள்கிறது என்று கருதி, காண்ட் வகுத்த நிலையான எல்லையை ஏற்க மறுத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் விசாரணையின் பொருள் மாறியது. நவீன வாழ்வில் கணிப்பும் செயல்திறனும் மேலோங்குவதை மாக்ஸ் வெபர் விளக்கினார். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்காவில் வாழ்ந்த ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும், இயற்கையை அடக்கப் பயன்பட்ட பகுத்தறிவே மனிதரை அடக்கும் கருவியாகிவிட்டது என்று 1947இல் அச்சான நூலில் வாதிட்டனர். பகுத்தறிவு முழுவதுமே ஆதிக்கமென்றால், அவ்விமர்சனம் எந்த நிலத்தில் நின்று பேசுகிறது என்று பின்னர் வினவிய ஹாபர்மாஸ், வற்புறுத்தலின்றிக் காரணங்களைப் பரிமாறி உடன்பாடு காணும் உரையாடலில் மற்றொரு வகைப் பகுத்தறிவு உயிர்ப்புடன் இருப்பதை 1981இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்திருந்தார். எல்லை வகுக்கும் உரிமை இவ்வாறு திருச்சபையிடமிருந்து தனிமனதுக்கும், அங்கிருந்து பொது உரையாடலுக்கும் கைமாறியுள்ளது. எனினும், சரியென ஏற்கப்பட்ட காரணம் மனிதரைச் செயல்படவும் வைக்குமா என்று ஹியூம் எழுப்பிய ஐயத்தை இவ்விடைகளுள் எதுவும் முற்றாகத் தீர்த்துவிடவில்லை.