கோக் எழுதாத பெயர்

கதையையும் கவிதையையும் போலவே அறிவியல் கட்டுரையையும் விமர்சிக்கலாம். காசநோய்க் கிருமியைப் பற்றி ராபர்ட் கோக் 1882-இல் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஒரு நோய்க்கு ஒரு கிருமியே காரணம் என்பதைப் படிப்படியாக நிறுவிய சிறந்த கட்டுரை அது. ஆயினும் அதில் ஒரு வரி குறையுடையது. கிருமி வளர்க்க அகாரையும் பயன்படுத்தலாம், அது உடல் வெப்பத்திலும் உருகாது என்று கூறும் அவ்வரி, அது யாருடைய யோசனை என்று கூறவில்லை.

அந்த யோசனையின் மதிப்பை முதலில் காண்போம். அதற்கு முன் பயன்பட்ட ஜெலாட்டின் ஒரு புரதம். 37 டிகிரி செல்சியஸில் அது உருகிவிடும். பல கிருமிகள் அதையே செரித்து நீராக்கிவிடும். அகாரோ கடற்பாசியின் செல்சுவரில் உள்ள பாலிசாக்கரைடு. நெல்லிலுள்ள மாவுப்பொருளைப் போல இதுவும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலியே. கொதிக்கவைத்த அகார் கரைசல் ஆறும்போது சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு வலையாகி நீரைப் பிடித்துவைக்கின்றன. ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரிக்குள் உறையும் இந்த ஜெல், மீண்டும் உருக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். காந்தத் தயக்கம் படித்த மாணவருக்கு இது வியப்பன்று: போகும் வழி வேறு, திரும்பும் வழி வேறு.

இந்த யோசனையை 1881-இல் கூறியவர், கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. ஜாவாவில் வாழ்ந்து திரும்பியவர்களிடமிருந்து அவர் கற்ற சமையல் முறை அது. கீழக்கரை வீடுகளில் நோன்பு திறக்கச் செய்யும் 'கடல்பாசி'யும் இதே பொருள்தான்!

அக்காலக் கட்டுரை மரபு அப்படி என்று சிலர் வாதிடலாம். இருக்கட்டும்; அதனால் கோக்கின் புகழ் குறையாது. ஆனால் "கோக் அகாரைப் பயன்படுத்தினார்" என்று மட்டும் நாமும் எழுதினால், அடுப்படியில் பிறந்த அறிவு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததாகிவிடும்.

இது பழங்கதையும் அன்று. திருப்புல்லாணிக்குத் தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில், பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறிக்கின்றனர். இவை அகார் தரும் பாசிகள். மதுரைப் பகுதி ஆலைகளில் அகார் எடுக்கப்படுகிறது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி சேகரிப்பாளர் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்னும் பன்னாட்டுப் பரிசு கிடைத்தது. அவருடன் மூழ்கும் மற்றவர்களின் பெயரை எந்த ஆய்வுக் கட்டுரையில் தேடுவது?

நெல்லின் செல்களைக் குடுவையில் வளர்க்கும் மாணவர் தம் குறிப்பேட்டில் "அகார் 0.8 சதவீதம்" என்று எழுதுகிறார். எந்தப் பாசி, எந்தக் கடல், எவர் கை என்று இன்னொரு வரி சேர்த்தால் சோதனை கெட்டுவிடாது. கோக் விட்ட வரியை நாம் எழுதுவோம்.